காது நரம்பு ‘வீக்’ என்று சொல்லிவிட்டார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் அறையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. ஹெட்போனை மாட்டி, ‘சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்’ என்று சொல்வதற்குள் கேள்விகள் வந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகு போனிலும் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள், அதே பயம். ‘நரம்பு வீக்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவுகட்டி வீட்டில் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலருக்கு நரம்பில் கோளாறே கிடையாது. சிலருக்கு இருந்தது, சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் ஆடியாலஜிஸ்ட், மருந்து எழுதித் தருபவள் அல்ல. அதனால் மருந்தின் அளவு எதுவும் இதில் இருக்காது.

“காது நரம்பு, காது நரம்புன்னு சொல்றாங்களே, அது எங்கதான் இருக்கு?”

மூளையிலிருந்து தலைக்கும் முகத்துக்கும் நேராக வரும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அதில் எட்டாவது ஜோடிதான் காது நரம்பு. வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. பார்க்க ஒரே கயிறு மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு புரி உண்டு. ஒரு புரி, நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவிலிருந்து சத்தத்தைக் கொண்டுபோகிறது. இதில் மட்டும் சுமார் 30,000 இழைகள். இன்னொரு புரி, காக்ளியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்பிலிருந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்ற சேதியைக் கொண்டுபோகிறது.

இந்த நரம்பு உள்காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகிற வழியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புச் சந்து ஒன்று இருக்கிறது. முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பும் அதே சந்து வழியாகத்தான் வருகிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி பற்றியும் அக்கி பற்றியும் பேசும்போது இதே சந்துக்குத் திரும்பி வருவோம்.

“காதுல கோளாறுன்னா தலை ஏங்க சுத்தணும்?”

ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நிமிர்த்திப் பிடித்து, அதன் ரேகையைப் பாருங்கள். இப்போது தலையை ஆட்டாமல் விரலை மட்டும் வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ரேகை கலங்கிவிடும். அடுத்து விரலை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ‘இல்லை’ என்பதுபோல ஆட்டுங்கள். ரேகை தெளிவாகவே இருக்கும். தலை திரும்புவதைச் சமநிலைப் புரி நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது. கண் எதிர்ப்பக்கமாக நகர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. நாம் நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிப்பது இதனால்தான்.

இரண்டு காதிலிருந்தும் இந்தச் சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும், தலை அசையாதபோதும்கூட. தராசின் இரண்டு தட்டு மாதிரி. ஒரு பக்கத் தட்டு திடீரென்று காலியானால் மூளை என்ன நினைக்கும்? தலை சுழல்கிறது என்று நினைக்கும். படுத்திருக்கும்போதே அறை சுழல்வது அப்படித்தான்.

“ரிப்போர்ட்ல சென்சரிநியூரல்னு போட்டிருக்கு. நரம்பு செத்துப்போச்சா?”

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் இரண்டு சமாச்சாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று, காக்ளியாவுக்குள் இருக்கும் நுண்ணிய முடி செல்கள். இன்னொன்று, அவற்றிலிருந்து கிளம்பும் நரம்பு. நாங்கள் போடும் சாதாரண ஆடியோகிராம், கோளாறு காது ஜவ்வு, காது எலும்பு பக்கமா அல்லது உள்பக்கமா என்று மட்டும்தான் பிரித்துச் சொல்லும். உள்பக்கத்தில் செல்லா நரம்பா என்று அந்த வரைபடம் சொல்லாது. பேச நேரமில்லாத இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ‘நரம்பு வீக்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

வயதாவதால் வரும் காது மந்தம், வருடக்கணக்கில் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்கு வரும் காது மந்தம் எல்லாவற்றிலும் முதன்மையாக அடிபடுவது முடி செல்கள். அங்கே நரம்பு பெரும்பாலும் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கும். அதனால்தான் ஹியரிங் எய்டு உதவுகிறது. ஆக, அடுத்த முறை யாராவது ‘நரம்பு வீக்’ என்றால், ‘செல்லா, நரம்பா? தெரிந்துகொள்ள வேறு டெஸ்ட் வேண்டுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

“நரம்புக்குச் சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. சாப்பிட்டா கேட்க ஆரம்பிச்சிடுமா?”

மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஆரம்பிக்காது. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அது உடம்புக்கு நல்லது. ஆனால் செத்துப்போன முடி செல்லை எந்தச் சத்து மாத்திரையும் எழுப்பாது. கோழிக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது.

மாத்திரைக்குக் காத்திருந்து ஹியரிங் எய்டைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். நான்கைந்து வருடம் வீட்டுப் பேச்சிலிருந்தே ஒதுங்கிப் போனவர்களுக்கு அதன் பிறகு கருவி பழகுவது கடினமாகிறது.

“தலைசுத்தல்னாலே காது நரம்புதானா? எங்க அம்மா பித்தம்ங்கிறாங்க, பக்கத்து வீட்ல பிரஷர்ங்கிறாங்க.”

முதலில் எப்படிப்பட்ட தலைசுற்றல் என்று பிரிக்க வேண்டும். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால். காதுக்கு அதில் பங்கில்லை. அறையே சுழல்வதுபோல இருந்தால் காது சம்பந்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போதோ மேல் அலமாரியை அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றி நின்றுவிட்டால், அது உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்ததால் வருவது. தலைசுற்றல்களில் மிகச் சாதாரணமானது இதுதான். நரம்புக்கு எந்தச் சேதமும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் விவரித்த முறைப்படி, தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பிப் படுக்கவைத்து, துகளை மறுபடி பழைய இடத்துக்கு உருட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும், மாத்திரையே தேவைப்படாது.

இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைச்சல் வந்து, கேட்பது குறைந்து, பிறகு தெளிந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் மெனியர் 1861-ல் சொன்னது. இதுவும் உள்காதின் திரவம் சம்பந்தப்பட்டதுதான். நாள் கணக்கில் நிற்காமல் சுற்றினால் மட்டும் நரம்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். அது அடுத்த கேள்வி.

“காலைல கண்ண முழிச்சேன், அப்ப புடிச்சு ரெண்டு நாளா சுத்துது. வாந்தி நிக்கல. காது நல்லா கேக்குது. இது என்னங்க?”

சமநிலைப் புரியில் அழற்சி வந்தால் இப்படித்தான் இருக்கும். வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்பார்கள். சளி, காய்ச்சலுக்குப் பிறகு வருவது உண்டு. உடம்புக்குள் அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி கிளம்புவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். தராசின் ஒரு தட்டு காலியாகிறது என்றேனே, அதன் அப்பட்டமான உதாரணம் இதுதான். கண்மணி தானாக ஒரு பக்கம் இழுத்து இழுத்துத் துடிப்பதைப் பக்கத்தில் இருப்பவர்களே பார்க்கலாம். கேட்கும் புரி தப்பிவிடுவதால் காது கேட்பதில் மாற்றம் இருக்காது. கேட்பதும் சேர்ந்து போனால் உள்காது முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

முதல் இரண்டு, மூன்று நாள் மோசமாக இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சில வாரங்களில் பெரும்பாலானோர் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். நரம்பு முழுதாகத் தேறாவிட்டாலும் மூளை புதுக் கணக்குக்குப் பழகிவிடுகிறது.

“பக்கவாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு. ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும்ல?”

பயப்படுவதில் தப்பே இல்லை. சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் அச்சு அசலாக இப்படியே தலை சுற்றும். பேச்சு குழறுவது, பொருள் இரண்டிரண்டாகத் தெரிவது, விழுங்கச் சிரமப்படுவது, முகமோ கை காலோ மரத்துப்போவது, பிடித்துவிட்டாலும் நேராக உட்கார முடியாமல் சாய்வது, புதிதாகக் கடும் தலைவலி அல்லது பிடரி வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், வயதானவர்கள் இதில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவது நல்லது. திடீர்ச் சுற்றலோடு ஒரு காதும் கேட்காமல் போனால் ‘காதுக் கோளாறுதான்’ என்று ஆறுதல் அடையாதீர்கள். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் குழாயின் கிளைதான் உள்காதுக்கும் ரத்தம் தருகிறது.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சி.டி. ஸ்கேன் தலையின் பின்பகுதியில் வரும் அடைப்பை எளிதில் தவறவிடும். எம்.ஆர்.ஐ.கூட முதல் இரண்டு நாளில் சில சமயம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். அதனால் பழகிய மருத்துவர் தலையைச் சடாரென்று லேசாகத் திருப்பி, கண் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். விரலை வைத்துச் செய்தோமே, அதே கணக்கு. இதில் விசித்திரம் என்னவென்றால், கண் இலக்கைத் தவறவிட்டுத் தாவிப் பிடித்தால் காது நரம்பு என்று பொருள். சுற்றல் நிற்காதபோதும் கண் தவறாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிப்பார்கள்.

“தலைசுத்தல் மாத்திரை நல்லா கேக்குது. ரெண்டு வருஷமா அதையே வாங்கிப் போடுறேன். தப்பா?”

தப்பு என்று கடிந்துகொள்ள மாட்டேன். நிறுத்துங்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவரிடம் உடனே பேசுங்கள். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் வகை மாத்திரைகள் வாந்தியும் சுற்றலும் உச்சத்தில் இருக்கும் முதல் சில நாளுக்கு உரியவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை புதுக் கணக்குக்குப் பழகுவதையே தடுத்துவிடும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சி மங்குவது என்று பார்க்கின்சன் நோய் போலவே வரக்கூடும்.

கை நடுங்குகிறது என்று நரம்பு மருத்துவரிடம் போய், அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்துவிட்ட பாட்டி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய மஞ்சள் பையில் பழைய சீட்டின் அடியில் தலைசுற்றல் மாத்திரை அட்டை இருந்தது. மருத்துவர் அதை நிறுத்தச் சொன்ன பிறகு, நாலைந்து மாதத்தில் பாட்டியின் கை அடங்கியது. தயவுசெய்து வீட்டில் பெரியவர்களின் மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

“சுத்தல் போயிடுச்சு, ஆனா நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுது. ரெஸ்ட் எடுக்கணுமா?”

வேண்டாம். அசைந்தால்தான் மூளை பழகும். 1940-களில் இங்கிலாந்தில் காதார்ன் என்ற மருத்துவரும் குக்சி என்ற மருத்துவரும் சேர்ந்து, தலையில் அடிபட்ட ராணுவ வீரர்களுக்காகத் தலை, கண் பயிற்சிகளை வகுத்தார்கள். இன்றைய பயிற்சிகளுக்கு அதுதான் அடிப்படை. சுவரில் காலண்டரை மாட்டி, தேதி எண்ணைப் பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவது. சுவரோரமாக, பக்கத்தில் ஆள் இருக்க, பாதத்துக்கு முன் பாதம் வைத்து நடப்பது. செய்யும்போது கொஞ்சம் சுற்றத்தான் செய்யும், அந்தக் கொஞ்சம் சுற்றல்தான் மருந்து. எதை எத்தனை தடவை என்று பிசியோதெரபிஸ்டோ ஆடியாலஜிஸ்டோ சொல்லித் தருவார்கள். இருட்டில் விழுந்துவிடாமல் இருக்க ராத்திரி பாத்ரூம் விளக்கை எரியவிடுங்கள். சமநிலை நரம்பு குறைந்தவர்களுக்குக் கண்தான் ஊன்றுகோல்.

“திடீர்னு ஒரு காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அழுக்கா இருக்கும், சொட்டு மருந்து விட்டுப் பாக்கலாமா?”

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது கேட்பது சட்டென்று குறைந்தால் அது அவசரம். வலி இருக்காது. வெறும் அடைப்பு போலத்தான் தோன்றும். அதனால்தான் மோசம் போகிறோம். என் சித்திக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த மறுநாள் இடது காது அடைத்தது. கடையில் சொட்டு மருந்து வாங்கினார். பிறகு ஓர் இடத்தில் காட்டியதில், காதுக்குள் பார்த்துவிட்டு ‘சளி இறங்கியிருக்கு’ என்று அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு வந்தபோது, செல்போனை வலது காதுக்கு மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டும் கொஞ்சமே திரும்பியது. பந்தியில் சித்தி இப்போதும் இடது பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார்.

ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாளில், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். வீட்டில் ஒரு சிறு சோதனை உண்டு: வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கு, நீர் போன்ற காரணமாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காது அல்லது நரம்பு என்று சந்தேகித்து, அன்றைக்கே காது மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் கேளுங்கள். எப்படிக் கேட்டாலும் போய்விடுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

“காதுக்குள்ள எந்நேரமும் ‘ங்ஙொய்’னு இரைச்சல். நரம்பு அறுந்துபோச்சா?”

அறுந்து போகவில்லை. காதிலிருந்து வரும் சேதி குறையும்போது மூளை தன் ஒலியைத் தானே கூட்டிவைத்துக் கேட்கிறது. பெரும்பாலான இரைச்சலுக்கு அதுதான் விளக்கம். இரண்டு காதிலும் இருந்தால் அநேகமாக மூன்றாவது கேள்வியில் சொன்ன முடி செல் தேய்மானம். காது கேட்பது குறைந்திருந்தால் ஹியரிங் எய்டு இரைச்சலையும் அமுக்கும். படுக்கும்போது மின்விசிறிச் சத்தம் துணையாக இருக்கும். இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ கட்டாயம் காட்ட வேண்டும்.

“சத்தம் கேக்குது, ஆனா இந்தக் காதுல போன் பேசினா வார்த்தை புரியல. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றாங்க, எதுக்கு?”

சத்தம் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. நரம்பு அடிபட்டால் சத்தம் வந்து சேரும், ஆனால் கசங்கிச் சேரும். ஆடியோகிராமில் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதிகூட வரவில்லை, அதுவும் ஒரு காதில் மட்டும் என்றால் எனக்கு உடனே அந்த எலும்புச் சந்து ஞாபகம் வரும். சமநிலைப் புரியைச் சுற்றியிருக்கும் உறை செல்களில் ஒரு கட்டி வரலாம். பழைய பெயர் அகவுஸ்டிக் நியூரோமா, சரியான பெயர் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. அதை உறுதியாகப் பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் வழி. இப்படி அனுப்பப்படும் நூறு பேரில் ஒரு சிலருக்குத்தான் கட்டி இருக்கும். அதனால் ஸ்கேன் எடுக்கும்வரை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் எடுத்துவிடுங்கள்.

இரண்டு காதும் ஆடியோகிராமில் சரியாக இருந்தும் கல்யாண மண்டபக் கூட்டத்தில் மட்டும் பேச்சு புரிவதில்லை என்பவர்களும் உண்டு. முடி செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகள் பலத்த சத்தத்தால் நிரந்தரமாக அறுவதை 2009-ல் எலிகளிடம் காட்டினார்கள். அந்த எலிகளுக்கும் சாதாரணப் பரிசோதனையில் செவித்திறன் தேறியதுபோலவே தெரிந்தது. மனிதர்களிடம் இதை நேராக அளக்க இன்னும் நம்பகமான டெஸ்ட் இல்லை. உங்கள் தொல்லை கற்பனை இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

“கட்டின்னு வந்துடுச்சு. கேன்சரா? உடனே ஆபரேஷனா?”

கேன்சர் இல்லை. மிக மெதுவாக வளரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்பது சகஜம், சிலருக்கு வளராமலே நின்றுவிடும். சிறியதாக இருந்தால் ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு வருடாவருடம் என்று கவனித்துக்கொண்டே வருவதும் முறையான சிகிச்சைதான். வளர்ந்தால் காமா நைஃப் போன்ற குறிவைத்த கதிர்வீச்சு. பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் அறுவை. ஏழாவது நரம்பு அதே சந்தில் இருப்பதால், அறுவைக்குப் பிறகு முகம் கோணும் ஆபத்து எவ்வளவு, காது கேட்பது மிஞ்சுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த மாதிரி கட்டியை நிறைய எடுத்துப் பழகிய இடமாகப் பார்த்துப் போவது நல்லது.

இரண்டு காதிலும் இருந்தால், அதுவும் சின்ன வயதிலேயே வந்தால், 22-ஆவது குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 மரபணுவில் மாற்றம் இருக்கக்கூடும். பெற்றோரிடமிருந்து வந்த மாற்றமாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக ஐம்பது சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

“காதுல அக்கி மாதிரி கொப்புளம், வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு, தலையும் சுத்துது. அக்கி எழுதினா போதுமா?”

காவியைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊரில் பழையது. அதை நம்புகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் அதோடு நிற்கக் கூடாது. சின்னம்மை வந்து போன பிறகும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கிவிடும். பல வருடம் கழித்து ஏழாவது நரம்பின் முடிச்சில் அது கிளம்பினால், பக்கத்திலேயே இருக்கும் எட்டாவது நரம்பையும் பிடித்துக்கொள்ளும். அதே சந்துதான். ராம்சே ஹன்ட் என்ற மருத்துவர் 1907-ல் விவரித்ததால் அவர் பெயர். வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் மூன்று நாளுக்குள் தொடங்கினால் முகமும் காதும் தேறும் வாய்ப்பு கூடுகிறது. காதுக்கு உள்ளேயோ மடலிலோ கொப்புளம் தெரிந்து முகமும் கோணினால், எழுதப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“டி.பி.க்கு ஊசி போட்டாங்க. அதுக்கப்புறம் காது போச்சு, நடையும் தள்ளாடுது. ஊசி நரம்பைக் கெடுத்துடுச்சா?”

ஊசி காரணமாக இருக்கலாம். ஆனால் அது முதலில் அடிப்பது முடி செல்களை. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் இரண்டும் சமநிலைச் செல்களை அதிகம் தாக்கும். கனாமைசினும் அமிகாசினும் கேட்கும் செல்களை. உயிர் காக்கத்தான் அவற்றைப் போட்டார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் மருந்துக்கு அடங்காத டி.பி.க்குக் கனாமைசினை விட்டுவிடச் சொன்னதற்கு இந்தக் காதுப் பாதிப்பும் ஒரு காரணம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளுறுப்பில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சில ஊசியிலேயே காது போய்விடலாம். அது தாய்வழியாக வருவது. தாய் வழியில் யாருக்காவது ஊசிக்குப் பின் காது போயிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பக்கச் சமநிலையும் ஒன்றாகக் குறைந்தால் தலை சுற்றாது. தராசு இரு பக்கமும் ஒரேயடியாகக் காலி. நடக்கும்போது எதிரே இருப்பவர் முகம் குலுங்கும், இருட்டில் கால் தடுமாறும். பலர் இதைக் கண் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

“பொறந்தப்ப டெஸ்ட்ல பாஸுன்னாங்க. இப்ப ஒரு வயசு, கூப்பிட்டா சில நேரம் திரும்புறான், சில நேரம் திரும்பல.”

பிறந்ததும் செய்யும் ஓ.ஏ.ஈ. டெஸ்ட், வெளி முடி செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். நரம்பைத் தொடுவதே இல்லை. செல் நன்றாக இருந்து, நரம்போ செல்லும் நரம்பும் சேரும் இடமோ கெட்டிருந்தால் குழந்தை அந்த டெஸ்டில் பாஸாகிவிடும். ஆடிட்டரி நியூரோபதி என்பது இதுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், பிறந்தபோது மூச்சுத் திணறியவர்கள், மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றும் அளவுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் பெரா டெஸ்டும் கட்டாயம் வேண்டும். தலையில் ஒட்டு வைத்து, தூங்கும்போது நரம்பின் மின்னலையைப் பதிவு செய்வோம், வலியே இல்லை. தாயின் மனதுக்குச் சந்தேகம் வந்தால், பழைய ‘பாஸ்’ சீட்டை நம்பி ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருவதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாததால் இந்த நிலை வரும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும், செல்லிலிருந்து சேதி கிளம்பாது, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வில், மரபணுவை உள்காதில் செலுத்திய 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது. இத்தனை வருட வேலையில் என்னைக் கலங்க வைத்த சேதி அது.

“நரம்புல கோளாறுன்னா காக்ளியர் இம்ப்ளான்ட் வச்சும் பிரயோஜனம் இல்லையாமே?”

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அந்தக் கருவி முடி செல்லைத் தாண்டி, நரம்பை நேராக மின்சாரத்தால் தூண்டுகிறது. ஆகவே செல் போனவர்களுக்கு, அதாவது ‘நரம்பு வீக்’ என்று சொல்லப்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு, இதுதான் வழி. முந்தின பதிலில் சொன்ன நியூரோபதிக் குழந்தைகளிலும் பலர் இதனால் நன்றாகப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை செய்யப்படுகிறது. வயது வரம்பு உண்டு, எனவே சீக்கிரம் விசாரியுங்கள். மூளைக்காய்ச்சலால் காது போன குழந்தை என்றால் இன்னும் அவசரம். காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து மூடிக்கொள்ளும், பிறகு கருவியின் கம்பியை உள்ளே நுழைக்க முடியாது.

“ஸ்கேன்ல கேட்கும் நரம்பே இல்லைன்னு வந்திருக்கு. இனி என்னங்க பண்றது?”

சில குழந்தைகளுக்கு அந்தப் புரி பிறவியிலேயே உருவாகியிருக்காது, அல்லது நூல் போல மெலிந்திருக்கும். மெலிந்திருந்தாலும் இருந்தால், சில மருத்துவர்கள் முதலில் காக்ளியர் இம்ப்ளான்டை முயன்று பார்ப்பார்கள். துளியும் இல்லை என்றால், நரம்பைத் தாண்டி மூளைத்தண்டிலேயே வைக்கும் கருவி இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸின் குழு, இரு பக்கமும் கட்டி இருந்த ஒருவருக்கு முதலில் வைத்தது. இப்போது நம் நாட்டிலும் ஒரு சில இடங்களில் செய்கிறார்கள். மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை என்பதால் முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பலன் காக்ளியர் இம்ப்ளான்ட் அளவுக்கு இருக்காது. கதவு தட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது தெரியும். உதட்டசைவோடு சேர்த்துப் பேச்சைப் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. அதனால் கருவி வைத்தாலும் வைக்காவிட்டாலும் சைகை மொழியை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். போன மாதம் அப்படி நரம்பே இல்லாத மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று என் அறைக்கு வந்தது. அம்மா இரண்டு விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய், ‘சாப்பிடலாமா?’ என்று கையாலேயே கேட்டார். குழந்தை தலையை ஆட்டிவிட்டு, என் மேஜை மேல் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டியது.